கால்வாசி விலைக்கு கன்வர்டிபிள்: யாருக்கு லாபம்?

"புது விலையில் கால்வாசிதான் சார்" என்று யாராவது ஒரு பழைய காரைக் காட்டினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கால்வாசி என்பது விலை இல்லை மக்களே, அது ஒரு பின்னம். எதில் கால்வாசி என்று கேட்காமல் தலையாட்டுகிறவர்களை நம்பித்தான் இங்கே ஒரு வியாபாரமே நடக்கிறது.

குர்கானில் பதினாலு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் எனக்கு வருகிற போன்களில் பாதி இந்த ஒரே விஷயம்தான். "டில்லில சொகுசுக் கார் எல்லாம் சல்லிசாமே, கொஞ்சம் போய்ப் பாத்துட்டு சொல்லேன்." இந்த முறை கேட்டது பெங்களூரில் வேலை பார்க்கும் என் கல்லூரி ஜூனியர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். வண்டி 2012-ல் பதிவான பி.எம்.டபிள்யூ. இசட்4. இரண்டே சீட்டு, பொத்தானை அழுத்தினால் கூரை மடங்கிப் பின்பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். 31,000 கிலோமீட்டர், விலை 26 லட்சம். "புதுசு ஆன்ரோடு ஒரு கோடிண்ணே" என்றான்.

வண்டி மேல் ஆசைப்பட்டதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. வாழ்நாள் முழுக்க வெள்ளை கலர் செடான்தான் ஓட்ட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. என் ஆட்சேபணை வேறு இடத்தில். அந்த 26-ல் பத்து லட்சம் அவன் அப்பாவின் ஓய்வுக்காலப் பணம். அதை வாங்க அவரிடம் அவன் சொன்னது: "இது செலவு இல்லப்பா. ரெண்டு வருஷம் ஓட்டிட்டு வித்தா போட்ட காசு அப்படியே வந்துடும்."

இந்த வாக்கியத்தைத்தான் பிரித்து மேய வேண்டும்.

முதலில் அந்த ஒரு கோடி. 2023-ல் இசட்4 எம்40ஐ இங்கே 89.30 லட்சம் ஷோரூம் விலைக்கு வந்தது. வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் ஒரு கோடிதான், சரி. ஆனால் அது வேறு தலைமுறை வண்டி. என்ஜின் வேறு, உடம்பு வேறு, கூரைகூட வேறு. பழையதில் அலுமினியக் கூரை, புதியதில் துணிக் கூரை. பேர் ஒன்று என்பதற்காக 2012 வண்டியை 2023 விலையோடு ஒப்பிடுவது, தாத்தா கட்டிய வீட்டுக்குப் பக்கத்து அபார்ட்மெண்ட்டின் சதுர அடி ரேட் போடுகிற கதை. இன்னொன்று, முழுதாக இறக்குமதியாகும் விலையுயர்ந்த கார்களுக்கான சுங்கத்தை 2013 பட்ஜெட்டில்தான் நம்ம ப.சிதம்பரம் 75-லிருந்து 100 சதவீதத்துக்கு ஏற்றினார். 2012-ல் வந்த வண்டி அந்த 100-ஐக் கட்டவே இல்லை. கட்டாத வரியையும் சேர்த்த புது விலையை வைத்துப் பழசை எடை போட்டால் எப்படி? 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜி.எஸ்.டி. மாறியதும் இதோடு சேர்த்தி. பெரிய கார்களுக்கு செஸ்ஸோடு 48, 50 என்று இருந்தது 40 சதவீதமாக இறங்கியது. புதுசின் வரி இறங்கினால் பழசின் விலையும் கூடவே இறங்கத்தானே வேண்டும்? "புது விலை" என்று வியாபாரி சொல்வது எந்தத் தேதி விலை என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். முகம் போகிற போக்கே தனி.

பழைய இன்வாய்ஸை அனுப்பச் சொன்னேன். அறுபது லட்சத்தை ஒட்டி இருந்தது. ஆக கால்வாசி எல்லாம் இல்லை. முதல் சொந்தக்காரர் கொடுத்ததில் நாற்பது சதவீதத்துக்கு மேல் கேட்கிறார்கள். நம் ஊர் இன்ஷூரன்ஸ் அட்டவணையில் நாலு முடிந்து ஐந்தாவது வருஷத்திலேயே தேய்மானம் 50 சதவீதம். அதற்கு மேல் வயசான வண்டியின் மதிப்பைப் பேசித்தான் தீர்மானிக்க வேண்டும். இங்கே பதினாலு வயசு வண்டிக்கு நாற்பதுக்கு மேல் கேட்கிறார்கள், அதைச் சல்லிசு என்று நாமும் சொல்கிறோம்.

சரி, டில்லியில் ஏன் மலிவு? டில்லிக்காரன் வள்ளல் என்பதால் இல்லை. பத்து வருஷ டீசல், பதினைந்து வருஷ பெட்ரோல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பெட்ரோலே ஊற்ற மாட்டோம் என்று ஆரம்பித்து, சில நாளில் பின்வாங்கினார்கள். ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் வயசை மட்டும் வைத்து நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4-க்கும் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் மட்டும் என்று திருத்தியது. இத்தனை குட்டிக்கரணத்தைப் பார்த்த டில்லிக்காரன் பதினாலு வயசு பெட்ரோல் வண்டியை வைத்துக்கொண்டு தூங்குவானா? தள்ளிவிடத்தான் பார்ப்பான். அவன் பயத்துக்கு நமக்குக் கிடைக்கும் தள்ளுபடிதான் இந்த "மலிவு". அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தள்ளுபடி பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் கரைந்துவிடும்.

எப்படி என்று கேட்டால், வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாசத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தே ஆகவேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவு. டில்லி ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்க வேண்டும். கர்நாடகாவில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். பழைய வண்டிக்கு வயசுக்கேற்ப அதில் ஒரு பங்கு. ஏஜெண்ட் இவனிடம் சொன்ன கணக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டி. டில்லியில் ஏற்கெனவே கட்டியதைத் திருப்பிக் கேட்கலாமே என்பீர்கள். கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். :-)

2027-ல் வண்டிக்குப் பதினைந்து முடிகிறது. அப்போது ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். உள்ளூர்க் காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 40,000. இது 2022 ஏப்ரலிலிருந்து. இருபது வயசைத் தாண்டினால் இறக்குமதிக் காருக்கு 80,000 என்று 2025-ல் ஏற்றியிருக்கிறார்கள். தொகை பெரிதில்லை. ஆனால் இவன் அப்பாவிடம் சொன்ன "ரெண்டு வருஷம் கழிச்சு" வரும்போது வண்டி பதினைந்தைத் தாண்டி நிற்கும். அப்போது வாங்க வருகிறவன் இதையெல்லாம் சொல்லி அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பான்.

இனி கூரை. கன்வர்டிபிளில் நாம் காசு கொடுப்பதே அதற்குத்தான், வியாபாரி நம்மைப் பார்க்க விடாததும் அதைத்தான். "ஸ்மூத்தா ஓபன் ஆகுது பாருங்க" என்று ஒரு தடவை திறந்து காட்டிவிட்டு மூடாமலே விட்டுவிடுவார். நீங்கள் போவதற்கு முன்பே என்ஜினை ஓடவிட்டு, பேட்டரியை ஏற்றி, எல்லாம் தயாராக வைத்திருப்பார். காலையில் வண்டி ஆறிக் கிடக்கும்போது போங்கள். மூன்று முறை திறந்து மூன்று முறை மூடச் சொல்லுங்கள். இந்தக் கூரைக்கு இருபது நொடி போதும். நடுவில் தயங்கினாலோ, ஒரு பக்கம் முந்தினாலோ, பம்ப் முனகினாலோ அது ஹைட்ராலிக் சமாச்சாரம். அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கைகள் எந்த ஊரிலும் அதிகம் இல்லை. பிறகு டிக்கியின் கம்பளத்தைத் தூக்கி அடியில் கை வையுங்கள். ஈரமோ, பழைய பாய் வாசனையோ இருந்தால் தண்ணீர் வடிகிற குழாய்கள் அடைத்திருக்கின்றன, அல்லது ரப்பர் போய்விட்டது. அங்கேயே ஒரு ஹோஸ் பைப் கேட்டுக் கூரை மேல் பத்து நிமிஷம் தண்ணீர் அடியுங்கள். மறுத்தால் கிளம்பி வந்துவிடலாம்.

31,000 கிலோமீட்டர்தான் என்பதும் பெருமை இல்லை. பதினாலு வருஷத்தில் 31,000 என்றால் பெரும்பாலும் நின்றே இருந்த வண்டி. டில்லி மே மாச வெயிலில் நிற்கிற ரப்பர் ஓடாமலே சாகும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். நான் போய்ப் பார்த்த வண்டியில் 2316. அதாவது 2016-ல் 23-ஆவது வாரம். பூ அழியாமல் பளபளவென்று இருந்தது, ஓட்டத்தான் லாயக்கில்லை. இதில் ஸ்டெப்னி கிடையாது, ரன்ஃப்ளாட் டயர்தான் போட வேண்டும். நாலும் மாற்ற ஒரு லட்சத்துக்கு மேல்.

விளம்பரத்தில் இதே மாதிரி வண்டி 28 லட்சம், 30 லட்சம் என்று போட்டிருக்கிறதே என்று இவன் ஸ்க்ரீன்ஷாட்டாக அனுப்புகிறான். அதில் ஒன்று ஏழு மாசமாக அங்கேயே இருக்கிறது. 30 லட்சத்துக்கு அந்த வண்டி விற்காது என்பதற்கு ஏழு மாச அத்தாட்சி அது. அதை ஆதாரமாக வைத்து 26 மலிவு என்கிறான்.

என் கணக்கு இது. வரி மூன்றரை. டயர் ஒன்றேகால். கூரைக்கும் ரப்பருக்கும் ஒதுக்க வேண்டியது இரண்டு. பேட்டரி, பிரேக், ஆயில் என்று முதல் பெரிய சர்வீஸ் ஒன்று. லாரி, ஏஜெண்ட், சில்லறை கால். ஆக எட்டு லட்சம். 26 லட்சம் வண்டி பெங்களூர் சாலையில் இறங்கும்போது 34 லட்சம். இரண்டு வருஷம் கழித்து 15 கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொண்டேன். 19 லட்சம் காலி. மாசம் கிட்டத்தட்ட 80,000 ரூபாய் வாடகை, பெட்ரோலும் இன்ஷூரன்ஸும் தனி. அந்த வாடகைக்கு சில்க் போர்டு சிக்னலில் கூரையைத் திறந்து லாரிப் புகையை வாங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நந்தி மலைக்குப் போவதும் உண்டு, அதை இல்லை என்று சொன்னால் எனக்குப் பாவம்.

18-க்குக் கேள் என்றேன். 18 என்றால் மொத்தம் 26, அதே 15-க்கு விற்றால் மாசம் 46,000 ஆகிறது. அந்தக் காசு அவன் சம்பளத்தில் இருக்கிறது. அப்பாவிடம் பத்து லட்சம் கேட்க வேண்டியதே இல்லை. 18-க்குக் கொடுக்க மாட்டார்கள் என்றால் கொடுக்காமல் போகட்டும். விற்கிறவர் கேட்கும் விலை அவருக்கு நியாயமாகவே இருக்கலாம், அவர் போட்ட காசு அவருக்குத் தெரியும். நாம் ஏன் அதை நமக்கும் நியாயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்?

புலம்பெயர்ந்து சம்பாதிக்கிற நம் கூட்டத்தில் இந்த "லாபம்" என்ற வார்த்தை படுத்தும் பாடு இருக்கிறதே. எதையும் ஆசைக்கு வாங்கினேன் என்று சொல்ல வெட்கம். ஊரில் இருக்கிறவர்களுக்கு எல்லாவற்றையும் முதலீடாகத்தான் காட்ட வேண்டும். பிளாட் வாங்கியபோது பரவாயில்லை, நிலமாவது மிஞ்சியது. இப்போது மடங்குகிற கூரைக்கும் அதே பொய். அதைக் கேட்டுப் பணத்தை எடுத்துக் கொடுக்கிறவருக்கு நந்தி மலையும் கிடையாது, சீட்டும் கிடையாது. இரண்டு சீட்டு வண்டியில் அவரை எங்கே உட்கார வைப்பது?

இந்தக் கணக்கை அப்படியே ஒரு தாளில் எழுதி உங்கப்பாவுக்கு அனுப்புடா என்றேன். "அனுப்பினா தர மாட்டாருண்ணே" என்றான். இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினாயா என்று நானும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பி.கு.: டீலர் யாராவது மொத்த விலை மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று பில்லில் ஏற்றினால் விடாதீர்கள். பழைய கார் டீலருக்கு அந்த வரி வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீதுதான். பழைய சொந்தக்காரரின் நோ க்ளெய்ம் போனஸும் உங்களுக்கு வராது, அது வண்டியோடு போவதில்லை, ஆளோடு போவது.