ஏலாக்குறிச்சிக்கு எலெக்ட்ரிக் கார் சரிப்படுமா?

“கார் வாங்கப்போறோம். பெட்ரோலா, கரன்ட்டா?” நகரத்தில் மட்டும் கேட்ட இந்தக் கேள்வி இப்போது அரியலூர் மாவட்டத்துக் கிராமங்களிலும் கேட்கிறது. நகையை வைத்தோ, ஏழு வருஷ லோன் போட்டோ வாங்குகிற பொருள். அதனால், அடைக்கல மாதா கோயில் இருக்கும் ஏலாக்குறிச்சியை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எவ்வளவு தூரம் போகும்?

டாடா டியாகோ இ.வி. 2022-ல் வந்தபோது, அதன் 24 கிலோவாட் ஹவர் பேட்டரிக்கு 315 கி.மீ. என்றார்கள். ஏ.சி. போட்டு, நாலு பேர் ஏறி, நம்ம ஊர் வெயிலில் ஓடும்போது 200 கி.மீ. என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

ஏலாக்குறிச்சியிலிருந்து அரியலூர் போய்த் திரும்பினாலும், தஞ்சாவூர் போய்த் திரும்பினாலும் 100 கி.மீ-க்குள்தான். இரவு சார்ஜில் போட்டால் கவலை இல்லை. வேளாங்கண்ணிக்குப் போய்வர 200 கி.மீ-க்கு மேல் ஆகும். வழியில் ஒருமுறை சார்ஜ் போட்டாக வேண்டும். சென்னை என்றால் போகும்போதே ஒரு நிறுத்தம். விரைவு சார்ஜரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அங்கே யூனிட் விலையும் வீட்டுக் கரன்ட்டைவிட அதிகம்.

ஒரு கிலோமீட்டருக்கு என்ன செலவு?

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 16 என்று வைத்தால் கி.மீ-க்கு 6 ரூபாய் 25 காசு. எலெக்ட்ரிக் கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால், ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. ஓடும். யூனிட் 9 ரூபாய் என்றே வைத்தாலும் கி.மீ-க்கு 1 ரூபாய் 30 காசுதான். மிச்சம் ஏறக்குறைய 5 ரூபாய்.

யூனிட்டுக்கு ஏன் 9 ரூபாய் போட்டோம்? நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். 400 வரை யூனிட் 5 ரூபாய்க்குள். 500-ஐத் தாண்டினால் 8 ரூபாய்க்கு மேல். 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 285 யூனிட் கூடும். ஏற்கெனவே 300 யூனிட் ஓடும் வீடு 500-ஐத் தாண்டிவிடும். இதை ஷோரூமில் யாரும் சொல்லமாட்டார்கள்.

பம்புசெட்டின் இலவச மின்சாரத்தில் காரைச் சொருகலாமே என்ற யோசனை மட்டும் வேண்டாம். அது விதிமீறல், அபராதம் வரும்.

போட்ட பணம் எப்போது திரும்பும்?

ஒத்த பெட்ரோல் காரைவிட எலெக்ட்ரிக் கார் 3 லட்சம் கூடுதல் என்று ஒரு கணக்குக்கு வைப்போம். கி.மீ-க்கு 5 ரூபாய் மிச்சம் என்றால் 60,000 கி.மீ. ஓட வேண்டும். வாடகைக்கு விட்டு மாதம் 2,500 கி.மீ. ஓட்டுகிறவருக்கு இரண்டே வருஷம். தினமும் அரியலூருக்கு வேலைக்குப் போய்வந்து மாதம் 1,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு ஐந்து வருஷம். கல்யாணம், காதுகுத்து, ஞாயிற்றுக்கிழமை என்று மாதம் 300 கி.மீ. ஓட்டும் குடும்பத்துக்கு 16 வருஷத்துக்கு மேல்! டியாகோ இ.வி. பேட்டரிக்கு வாரன்ட்டியே 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வரைதான்.

இன்ஜின் ஆயில், கிளட்ச் செலவு கிடையாது என்பது உண்மை. பழைய காராக விற்கப்போனால் விலை சட்டென்று இறங்கும் என்பதும் உண்மை.

கரன்ட் இல்லாத நாளில்?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. பெட்ரோல் பங்க் ஜெனரேட்டரில் ஓடும். வீட்டு சார்ஜர் ஓடாது. ராத்திரி 2 மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றால், ‘சார்ஜ் ஏறட்டும்’ என்று காத்திருக்க முடியாது. எனவே எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் பேட்டரியை 40 சதவிகிதத்துக்குக் கீழே விடாமல் இருப்பது நல்லது. அதில் 80 கி.மீ. போகலாம், தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரலாம்.

வாங்கும் முன்

* வீட்டு வயரிங், எர்த் இரண்டையும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். 15 ஆம்பியர் பிளக்கில் 3 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். உங்கள் இணைப்பு தாங்குமா என்று இ.பி. ஆபீஸில் கேட்டு, தேவைப்பட்டால் லோடைக் கூட்டச் சொல்லுங்கள்.
* சாலை வரிச் சலுகை நடப்பில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேளுங்கள்.
* பக்கத்தில் எந்த ஊரில் சர்வீஸ் சென்டர் என்று பாருங்கள்.
* இப்போது பைக், வாடகை கார், பஸ் என்று குடும்பம் போகும் தூரத்தை இரண்டு மாதம் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

அந்த நோட்டில் மாதம் 1,000 கி.மீ-க்கு மேல் வந்தால் எலெக்ட்ரிக் கார் தாராளமாக வாங்கலாம். 500-க்குள் என்றால் பெட்ரோல் காரே போதும். 200-தான் என்றால், தேவைப்படும்போது வாடகை கார் எடுப்பதே லாபம். நகையும் பீரோவிலேயே இருக்கும்.