ஒரு வரிக்காக முழுப் பக்கமா?

“பக்கத்தை அப்படியே ஏஐகிட்ட போட்டுடுங்க சார், ஒரு நிமிஷத்துல புதுசா வந்துடும்.” இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தேன். போன வாரம் நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் சங்கம் ஒன்றின் இணையப் பக்கத்தைப் பார்த்ததும் இருந்த கொஞ்சப் பொறுமையும் போய்விட்டது.

மாற்ற வேண்டியது கரும்பு விலை, அவ்வளவுதான். மத்திய அரசின் எஃப்ஆர்பி, அதாவது நியாயமான, ஆதாய விலை, 2024-25 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாய், 2025-26க்கு 355. ஆனால் 355 என்பது பிழிதிறன், அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவு, 10.25 சதவீதம் இருந்தால் கிடைக்கும் விலை. அதற்குக் கீழே ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் 3.46 ரூபாய் குறையும். பிழிதிறன் 9.5க்கும் கீழே போனால் மேற்கொண்டு பிடித்தம் கிடையாது, 329.05 ரூபாய் உறுதி. தமிழ்நாட்டு ஆலைகள் பலவற்றில் பிழிதிறன் 10.25ஐத் தொடுவதே இல்லை. ஆகவே நம் விவசாயிக்கு முக்கியம் அந்த 9.5 வரிதான்.

விலையை மாற்ற முழுப் பக்கத்தையும் ஏஐயிடம் கொடுத்திருக்கிறார்கள். அது திருப்பித் தந்த பக்கம் பார்க்க அழகாக இருக்கிறது. தலைப்புகள் புதிது. 355 சரியாக இருக்கிறது. பழைய பக்கத்தில் இருந்த 9.5 வரியைக் காணோம்! பக்கத்தைச் சீராக்குகிறேன் என்று அதைத் தூக்கிவிட்டது. எடுக்கச் சொன்னவர் யாரும் இல்லை. டன்னுக்கு 3,550 என்று படித்துவிட்டுப் போகிற விவசாயியின் கணக்கில் 3,290.50 ஏறினால், மீதி 259.50 எங்கே என்று அவர் யாரிடம் கேட்பார்? ஆலை வாசலில் நின்று சண்டை போடுவார். தப்பு பக்கத்தில் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இதைச் சொன்னால், “ஏஐ எப்பவாவது தப்பு பண்ணும் சார்” என்கிறார்கள். ‘எப்பவாவது’ இல்லை, நீங்கள் கொடுத்த வேலையே அப்படி. முழுப் பக்கத்தையும் திருப்பி எழுதச் சொன்னால், மாறக்கூடாத ஒவ்வொரு சொல்லையும் அது மறுபடி ஒவ்வொரு துண்டாக உருவாக்கித்தான் தரும். ஒவ்வொரு துண்டிலும் தவற இடம் உண்டு. ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதிய காலத்துச் சங்கடம் இது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உ.வே.சாமிநாதையர் அத்தனை பிரதிகளை வைத்து ஒப்பிட்டது ஏன்? ஒவ்வொரு முறை பெயர்த்தெழுதும்போதும் பாடம் மாறியது, வரி விழுந்தது. 9.5 வரியும் அப்படித்தான் விழுந்தது.

இதற்கு வழி தெரியாத உலகமா இது? இரண்டு கோப்புகளுக்கு இடையே மாறிய வரிகளை மட்டும் காட்டும் ‘டிஃப்’ நிரல் 1970களிலேயே பெல் ஆய்வகத்தில் வந்துவிட்டது. அந்த மாற்றத்தை மட்டும் கோப்பில் ஏற்றும் ‘பேட்ச்’ நிரலை லாரி வால் 1985இல் வெளியிட்டார். இன்றைய ஏஐ ஏஜெண்டுகளின் கையிலும் இதே போன்ற கருவி இருக்கிறது. பழைய வரி இது, புதிய வரி இது என்று ஏஜெண்ட் கொடுக்க வேண்டும். பழைய வரி பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் அப்படியே இருந்தால் கருவி மாற்றும். இரண்டு இடத்தில் இருந்தாலோ, இல்லாமலே போனாலோ கை வைக்காது. அந்தக் கருவியைக் கொண்டு மாற்றியிருந்தால் 9.5 வரி இருந்த இடத்திலேயே இருந்திருக்கும், அதிலுள்ள தொகை மட்டும் மாறியிருக்கும்.

“அந்தக் கருவி அடிக்கடி ‘வரி கிடைக்கலை’ன்னு நிக்குது சார், வேலைக்கு ஆகாது” என்பது அடுத்த சாக்கு. நிற்கும்தான். தமிழில் ஏன் நிற்கிறது என்று ஒருவராவது தேடிப் பார்த்தாரா? ‘கொள்முதல் விலை’ என்ற வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம். கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கருவிக்கு வேறு வேறு. அதனால் நிற்கிறது. பக்கம் முழுவதையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ‘என்எஃப்சி’ என்று முறையே இருக்கிறது, ஒரு கட்டளையில் முடியும். ஒரு தடவை அதைச் செய்துவிட்டு வரியை மாற்றினால் தீர்ந்தது. அதற்குச் சோம்பல்பட்டு விவசாயியின் 9.5 வரியைக் காவு கொடுக்கிறார்கள். ஓர் ஓடு உடைந்ததற்குக் கூரையையே பிரிக்கிற வேலை இது.

விழுந்த வரி போக, இருக்கிற வரிகளையும் ஏஐ விட்டுவைக்கவில்லை. அதே பக்கத்தில் ‘கட்டிங் ஆர்டர்’ என்று இருந்ததை ‘அறுவடை அனுமதி ஆணை’ ஆக்கியிருக்கிறது. நெல்லிக்குப்பத்திலிருந்து பண்ருட்டி வரை எந்த விவசாயி அப்படிப் பேசுகிறார்? பாரி சர்க்கரை ஆலை இங்கே 1842லிருந்து இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கரும்பு போட்டவர்களுக்கு அவர்கள் தொழிலின் சொல்லை மாற்றிக் கொடுக்க இந்த இயந்திரத்துக்கு என்ன உரிமை? கேட்காமலே எடுக்கிற இந்த நோய் அரசுத் தளங்களிலும் உண்டு. தளத்தைப் புதுப்பித்தோம் என்பார்கள். நேற்றுவரை திறந்த அரசாணையின் சுட்டி இன்று செத்துக் கிடக்கும். எதை எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று ஒரு குறிப்பும் இருக்காது. விக்கிப்பீடியாவில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் பக்க வரலாற்றில் பதிவாகிறது. சம்பளம் வாங்காதவர்கள் செய்கிறார்கள், சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என்ன வந்தது?

சங்கத்துக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் பக்கத்தை யார் மாற்றித் தந்தாலும், ஆளோ ஏஐயோ, பழையதையும் புதியதையும் ஒப்பிட்ட பட்டியலைக் கேளுங்கள். விலை மாற்றம் என்றால் அதில் விலை வரிகள் மட்டும் இருக்க வேண்டும். வேறு ஒரு வரி கூடுதலாக இருந்தாலும் காசு கொடுக்காதீர்கள், பக்கத்தை ஏற்றவும் விடாதீர்கள்.