சூளைக்கு ஒரு மண், பாத்திக்கு ஒரு மண்

விருத்தாசலத்துக்காரரிடம் மண்ணைப் பற்றிப் பேசுவது கொல்லர் தெருவில் ஊசி விற்கிற காரியம் என்பதை நான் அறியாதவனல்லன். பீங்கான் பொம்மையும் மின்சாரத்துக்கான பீங்கான் சாமானும் செய்து பெயரெடுத்த ஊர் இது. ஆயினும், சூளைக்கு வேண்டிய மண்ணும் கத்தரிப் பாத்திக்கு வேண்டிய மண்ணும் சுபாவத்தில் நேர் விரோதமானவை என்பதை மறந்து, மார்கழி விடியலில் கொல்லைச் சருகையெல்லாம் குவித்துக் கொளுத்திக் குளிர்காய்ந்து, போகியன்று அந்தக் கைங்கரியத்தைப் பூர்த்தியும் செய்துவிடுகிறோமே, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலிருக்க முடியவில்லை.

களிமண்ணில் வேரோ இலைத்துணுக்கோ கிடந்தால் அது தீயில் எரிந்து பாண்டத்தில் புரை வைத்துவிடும். ஆகவே பீங்கான்காரர் தாவர மிச்சமற்ற மண்ணையே தேடுகிறார். சுமார் 600 டிகிரி உஷ்ணத்தில், களிமண்ணின் அணுக்களோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிட, அப்புறம் எத்தனை நாள் ஊறப்போட்டாலும் அது குழைவதில்லை. பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டாது என்று பாமரரும் சொல்வது இதனால்தான். பாத்தி மண்ணுக்கோ அந்த வேரும் இலையும் மக்குவதுதான் ஆகாரம். சாம்பலும் உரந்தானே என்று கேட்பார் உண்டு. சாம்பல் சத்தும் கொஞ்சம் மணிச்சத்தும் அதில் மிஞ்சுவது வாஸ்தவமே. ஆனால் தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது, மண்ணைப் பொலபொலப்பாக்கும் மக்கும் பிறவாமலே போய்விடுகிறது.

சீத தேசங்களில் குளிர்காலத்தில் மண் உறைந்து உறங்கும். கட்டிகளை உறைபனியே உடைத்துக் கொடுக்கும். நமக்கு அந்தச் சகாயம் இல்லை. கடலூர் ஜில்லாவின் வருஷ மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவக்காற்றிலேயே கொட்டித் தீர்ந்து, வெறுமனே கிடக்கும் பாத்தியின் தழைச்சத்தைக் கரைத்துக் கீழே இறக்கிவிடுகிறது. மார்கழிக் குளிரிலும் நம் மண்ணின் நுண்ணுயிர்கள் உறங்காமல், இருக்கிற மக்கைத் தின்றுகொண்டே இருக்கின்றன. ஒருமுறை எருவிட்டோம் என்று இங்கே நிம்மதியாக இருக்க இயலாது. உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நன்று என்றாரே வள்ளுவர், அவர் நம் சீதோஷ்ணத்தை அறிந்தவர்.

புரட்டாசிக் கடைசியில், நீர் வடியும் செம்மண் பாத்தியாயின் சணப்பையும், நீர் தேங்கும் பள்ளமாயின் தக்கைப்பூண்டும் விதைத்துவிட்டால், மழையின் அடியைத் தாங்கள் வாங்கிக்கொண்டு, ஆகாயத்துத் தழைச்சத்தை வேர்முடிச்சில் சேர்த்துவைக்கும். நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் பூவெடுக்கையில் மடக்கி மண்ணில் சேர்த்து, இரண்டு மூன்று வாரம் மக்கவிட்டால், தைப்பட்டத்துக்குப் பாத்தி தயார். ஈரக் களியை மட்டும் கொத்தக் கூடாது. நான் ஒரு கார்த்திகையில் அவசரப்பட்டுக் கொத்தியதில், வெயில் ஏறியதும் கொல்லை முழுவதும் பச்சைச் செங்கல்லாகக் காய்ந்து கிடந்தது. சூளை ஒன்றுதான் பாக்கி. ஒரு பிடி மண்ணை உருட்டிக் கட்டைவிரலால் அழுத்தினால் உதிர வேண்டும். அப்பிக்கொண்டால் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட வேண்டியதுதான்.

சருகுக்கும் வழியில்லாமல் இல்லை. 1920-களில் இந்தூரில் ஆங்கிலேய வேளாண் விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவர்ட், நம் குடியானவர்களின் பழக்கங்களையும் கூர்ந்து கவனித்து, சருகும் சாணமும் அடுக்கடுக்காய்ப் போட்டு, ஈரம் காத்து, அவ்வப்போது புரட்டி, மூன்று மாதத்தில் எருவாக்கிக் காட்டினார். நம்மூர் நகராட்சியும் போகிக்கு முந்தைய வாரம் தெருத்தெருவாக ஒரு வண்டியை அனுப்பிச் சருகை மட்டும் தனியே வாரிக்கொண்டு போய்க் குழியிலிட்டால், பங்குனி முடிவதற்குள் எரு கையில் இருக்கும்; அதைச் சித்திரையில் தோட்டம் வைத்திருப்போருக்கு மலிவாகக் கொடுக்கலாம். வண்டி வரும்வரை காத்திராமல், எங்கள் கொல்லைப் பூவரசஞ் சருகை நான் கத்தரிப் பாத்தியின்மேல் நாலு விரற்கடை கனத்துக்கு மூடாக்காகப் பரப்பியிருக்கிறேன். குளிர்காயச் சருகு கேட்டு வருகிற பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இப்போதெல்லாம் ஒரு டம்ளர் சுக்குக் காப்பி கொடுத்தனுப்புகிறோம்.