பேச்சுதான் தடுமாறுது, புத்தி இல்ல: பக்கவாதத்துக்குப் பின் வரும் அஃபேசியா

உலு யாமில் ஒரு காப்பிக்கடை என்று வைத்துக்கொள்வோம். பக்கவாதத்திலிருந்து மீண்ட தாத்தா ஒருவர் தானாகவே நடந்து வந்து உட்காருகிறார். கேட்க நினைப்பது தே ஓ. வாயில் வருவது "சாவி". மறுபடி முயல்கிறார், மறுபடியும் "சாவி". பக்கத்து மேசையில் ஒருவர் சிரிக்கிறார்: "காலையிலேயே தண்ணி போட்டுட்டாரு போல."

அவர் குடிக்கவில்லை. அவருக்குப் புத்தியும் பேதலிக்கவில்லை. இதற்குப் பெயர் அஃபேசியா.

அஃபேசியா என்றால் என்ன?

மூளையில் மொழியைக் கையாளும் பகுதி பாதிக்கப்படுவதால் வருவது. பெரும்பாலானோருக்கு அந்தப் பகுதி இடப்பக்கம் இருக்கிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது ஏற்படுகிறது. பேசுவது, புரிந்துகொள்வது, வாசிப்பது, எழுதுவது என எல்லாமே பாதிக்கப்படலாம். அதனால் "சரி, எழுதிக் காட்டுங்க" என்று பேனாவைக் கொடுத்தாலும் பல நேரம் பலன் இருக்காது.

ஆனால் தெரிந்த முகங்கள், பிடித்த சாப்பாடு, கோபம், கிண்டல் எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சொல்லத் தெரியும், சொல்தான் கிடைக்காது.

ஏன் இது கண்ணுக்குத் தெரிவதில்லை?

கைத்தடி இருந்தால் பிறர் வழிவிடுவார்கள். கால் சரியாகி நடக்கத் தொடங்கிவிட்டால், "அங்கிள் நல்லாயிட்டாரு" என்று முடிவு செய்துவிடுகிறோம். கடும் சோர்வு, பார்வையின் ஒரு பக்கம் மறைவது, காரணமின்றி அழுகை வருவது போன்றவையும் பக்கவாதத்துக்குப் பிறகு தொடரலாம். இவை எதுவும் வெளியே தெரியாது. இத்தகையவர்களை அடையாளம் காணத்தான் 2016-இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் சூரியகாந்தி படம் போட்ட கழுத்துப்பட்டை அறிமுகமானது.

எந்த மொழி முதலில் திரும்பும்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வீட்டில் தமிழ், வெளியே மலாய். முதலில் கற்ற மொழிதான் அதிகம் நிலைக்கும் என்று 1881-இல் ரிபோ சொன்னார். நோய்க்கு முன் அதிகம் பழகிய மொழியே முதலில் திரும்பும் என்று 1895-இல் பித்ரே சொன்னார். பின்னர் வந்த ஆய்வுகளில், பலருக்கு எல்லா மொழிகளும் ஏறத்தாழ ஒன்றாகவே மீள்வது தெரிந்தது. சிலருக்கு மட்டும் ஒரு மொழி முந்திக்கொள்கிறது.

ஆகவே மலாயில் மட்டும் சோதித்தால் முழுப் படம் கிடைக்காது. வீட்டில் பேசுவது தமிழ் என்று பேச்சுப் பயிற்சியாளரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பேரனோ பேத்தியோ மொழிபெயர்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாத்தா "சாவி" என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். நீங்கள் திருத்திச் சொன்னால், எந்தச் சொல் எங்கே தவறுகிறது என்பது பயிற்சியாளருக்குத் தெரியாமலே போய்விடும்.

ஓகேயூ அட்டை கிடைக்குமா?

2008 மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் கீழ், சமூகநலத் துறையில் விருப்பத்தின் பேரில் பதிவு செய்யலாம். பதிவுக்கான 7 பிரிவுகளில் பேச்சுக் குறைபாடும் ஒன்று. பாதிப்பு நிரந்தரமானதா, எந்தப் பிரிவுக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் உறுதிப்படுத்த வேண்டும். உலு யாம் மக்கள் உலு சிலாங்கூர் மாவட்ட சமூகநலத் துறை அலுவலகத்தை அணுகலாம். வேலை செய்யும் வயதில் பக்கவாதம் வந்தவர்கள், பெர்கேசோவின் இயலாமை ஓய்வூதியத்துக்குத் தகுதி உள்ளதா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

டிவியை அணைத்துவிட்டு, முகம் பார்த்துப் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேளுங்கள். பொருளைக் காட்டுங்கள். பிறகு காத்திருங்கள். புரியாவிட்டால் புரிந்ததுபோல் தலையாட்ட வேண்டாம்.

வங்கி, நிலம், மருத்துவம் பற்றிய முடிவுகளில் "அப்பாவுக்கு ஒன்னும் புரியாது" என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் இழந்தது சொற்களை. முடிவெடுக்கும் உரிமையை அல்ல.

திடீரென யாருக்காவது பேச்சு குழறினால், "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று விடாமல் உடனே 999-ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பெரிய மருத்துவமனைகள் தள்ளி இருக்கும் ஊர்களில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

அந்தக் காப்பிக்கடைத் தாத்தாவுக்கும் பெரிய உதவி எதுவும் தேவையில்லை. "தே ஓவா, காப்பியா?" என்று கேட்டு, இரண்டையும் காட்டி, அவர் விரல் நீட்டும்வரை பொறுத்திருந்தாலே போதும்.