இரவல் குரல்கள்

சங்கீதம் தெரிந்தவர்கள் வீட்டில் அடிக்கடி ஒரு பேச்சு அடிபடும். "ஞானம் இருந்து என்ன? சாரீரம் ஒத்துழைக்க வேண்டாமா?" என்பார்கள். நாலு நாள் சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டாலே நம் பாடகிகள் மிளகும் பனங்கற்கண்டுமாகத் திண்டாடிப் போகிறார்கள். குரல் ஒரேயடியாகப் போய்விட்டால்? அப்படிக் குரலை இழந்த ஒரு பாடகி, தமது 76-வது வயதில் புதிய ஆல்பம் ஒன்றை வெளியிட்டார் என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் லிண்டா தாம்ஸன். இங்கிலாந்துக்காரர். 2024 ஜூன் மாதம் வெளிவந்த அந்த ஆல்பத்துக்கு 'பிராக்ஸி மியூசிக்' என்று பெயர். காலேஜில் படித்த சகோதரிகளுக்கு 'பிராக்ஸி' என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வகுப்புக்கு வராமல் சினிமாவுக்குப் போன தோழிக்காக இன்னொருத்தி குரலை மாற்றிக்கொண்டு "பிரஸண்ட், ஸார்!" என்பாளே, அதேதான்! மொத்தம் பதினோரு பாட்டுக்கள். எழுதியவர் லிண்டா; சிலவற்றில் மற்றவர்களின் கூட்டும் உண்டு. பாடியிருப்பவர்கள் எல்லாரும் வேறு ஆட்கள்.

கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் இதன் ருசி தெரியும்.

லிண்டா 1947-ல் லண்டனில் பிறந்து, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் வளர்ந்தவர். அந்த நாளில் பிரிட்டனில் 'ஃபோக் ராக்' என்று ஒரு புதுமை தோன்றியது. கிராமத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த பாட்டுக்களுக்கு மின்சாரக் கிதாரும் டிரம்மும் சேர்த்துக்கொண்டார்கள். 1967-ல் தொடங்கிய 'ஃபேர்போர்ட் கன்வென்ஷன்' என்ற குழு இதில் பெயர் பெற்றது. அதில் கிதார் வாசித்துப் புகழ் அடைந்த ரிச்சர்ட் தாம்ஸனை லிண்டா 1972-ல் மணந்துகொண்டார்.

தம்பதிகள் சேர்ந்து வெளியிட்ட முதல் இசைத்தட்டு 1974-ல் வந்தது. பாட்டுக்களை எழுதியவர் கணவர். அவற்றில் பலவற்றுக்கு உயிர் கொடுத்தது மனைவியின் குரல். ஆடம்பரமே இல்லாத குரல் அது. துக்கத்தைப் பாடும்போதுகூட மிகை இருக்காது. இன்று ஆங்கில நாட்டின் சிறந்த இசைத்தட்டுக்களைப் பட்டியல் போடுகிறவர்கள் அதை விட்டுவிடுவதில்லை.

1982-ல் 'ஷூட் அவுட் தி லைட்ஸ்' என்ற இசைத்தட்டு வந்தது. விமரிசகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். வீட்டிலோ தாம்பத்தியம் முறிந்துவிட்டது! மூன்று குழந்தைகள். அமெரிக்காவில் கச்சேரிகளுக்கு ஒப்புக்கொண்டாயிற்று. பிரிந்துபோன கணவனும் மனைவியும் இரவுதோறும் ஒரே மேடையில் நின்று, பிரிவைப் பற்றிய பாட்டுக்களையே பாட வேண்டியிருந்தது. மேடையில் கணவரைக் காலால் உதைத்த கதையைப் பிற்காலத்தில் லிண்டாவே சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு 1985-ல் தனியாக ஓர் இசைத்தட்டு. அப்புறம் மௌனம்.

காரணம் ஒரு விசித்திரமான வியாதி. ஆங்கில வைத்தியத்தில் 'டிஸ்போனியா' என்கிறார்கள். தொண்டையில் புண்ணோ கட்டியோ கிடையாது. மூளையிலிருந்து குரல்வளைத் தசைகளுக்குப் போகும் உத்தரவு தாறுமாறாகிவிடுகிறது. வாயெடுத்ததும் குரல் நாண்கள் தாமாகவே இறுகிக்கொள்கின்றன. சொல் பாதியில் நின்றுவிடுகிறது. அடியோடு குணமாக்க வழியில்லை. முகச் சுருக்கம் போக்கப் போட்டுக்கொள்கிறார்களே, 'போடாக்ஸ்' ஊசி, அதைக் குரல்வளையில் போட்டால் பலருக்குச் சில மாதங்கள் பேச்சு சீர்படும். ஆனால் பேச வருவது வேறு, பாட வருவது வேறு அல்லவா?

குரல் அடங்கிக் கிடந்த அந்தக் காலத்தில்தான் ஒரு வேடிக்கை நடந்தது. லிண்டா மற்றொரு பெண்ணுடன் சேர்ந்து எழுதியிருந்த ஒரு பாட்டை, 1987-ல் அமெரிக்காவின் மூன்று பெரிய பாடகிகள் எடுத்துப் பாடினார்கள்: டாலி பார்ட்டன், லிண்டா ரான்ஸ்டாட், எமிலூ ஹாரிஸ். பாட்டு கிராமி பரிசுக்குப் போட்டியிடும் வரை போயிற்று. எழுதியவரின் வாய் மூடியிருக்க, பாட்டு மட்டும் கடல் தாண்டிப் போய்விட்டது!

பதினேழு வருஷ மௌனத்துக்குப் பிறகு, 2002-ல் லிண்டா மீண்டும் ஒரு புதிய ஆல்பத்துடன் வந்தார். 2007-லும் 2013-லும் இன்னும் இரண்டு வெளியிட்டார். குரல் வழிவிட்ட அளவுக்குப் பாடினார். 2013-ம் வருஷத்து ஆல்பத்தில் ஒரு பாட்டுக்குக் கிதார் வாசித்தவர் யார் தெரியுமா? ரிச்சர்டேதான். முப்பது வருஷத்தில் கோபம் ஆறிவிட்டது.

அப்புறம் அந்த மிச்சக் குரலும் கைகொடுக்கவில்லை. "சரி, நான் எழுதுகிறேன், நீங்கள் பாடுங்கள்" என்று இறங்கியதன் பலன்தான் 'பிராக்ஸி மியூசிக்'. மகள் காமி ஒரு பாட்டைப் பாடியிருக்கிறார். 1982-ல் அந்த வீடு உடைந்த சமயத்தில் பிறந்த கடைக்குட்டி இவர்தான். சங்கீதக் குடும்பங்களின் சண்டை சச்சரவைக் கேலி செய்யும் பாட்டு மகன் டெடிக்கு. ரூஃபஸ் வெயின்ரைட் ஒன்று, அவர் தங்கை மார்த்தா ஒன்று, ஸ்காட்லாந்தின் இரட்டையர்களான பிரொக்லெய்மர்ஸ் ஒன்று. ஜான் கிராண்ட் என்ற பாடகரைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, அதை ஜான் கிராண்டையே பாட வைத்துவிட்டார். குறும்பைப் பாருங்கள்!

அட்டைப் படத்திலும் குறும்புதான். 'ராக்ஸி மியூசிக்' என்ற பிரபலக் குழுவின் 1972-ம் வருஷத்து இசைத்தட்டு அட்டையில் இளம் அழகி ஒருத்தி ஒய்யாரமாகச் சாய்ந்திருப்பாள். அதே கோலத்தில் லிண்டா பாட்டி சாய்ந்திருக்கிறார்!

நம் சினிமாவில் முகம் ஒருவருடையது, குரல் இரவல். நமக்கு அது பழகிப் போன விஷயம். இங்கே இரவல் குரல் பதினோரு பாட்டிலும் மாறிக்கொண்டே போகிறது. இருந்தும் கேட்டு முடித்தபோது, ஒரே பெண்மணியிடம் உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்தது போல்தான் எனக்கு இருந்தது. ஒரு காலத்தில் கணவர் எழுதியதை இவர் பாடினார். இன்று இவர் எழுதியதை இவருடைய பிள்ளைகள் பாடுகிறார்கள்.

கல்யாணம் ஆன கையோடு பாட்டு நோட்டைப் பரண் மேல் போட்டுவிட்ட சகோதரிகள் நம்மிடையே எத்தனை பேர்! "இனிமேல் எனக்கு எங்கே குரல் எழும்பப் போகிறது?" என்று பெருமூச்சு விடுகிறீர்களா? முதலில் பரணிலிருந்து அந்த நோட்டை எடுத்துத் தூசி தட்டுங்கள். பாடுவதற்கு வீட்டில் ஒரு பெண்ணோ பிள்ளையோ பேத்தியோ கிடைக்காமலா போய்விடுவார்கள்?