குறித்துக்கொண்டோம்!

"முடியாது" என்று சொல்லும் அதிகாரியைக் கண்டு நாம் ஒருபோதும் பயந்ததில்லை. முடியாது என்று தெரிந்துவிட்டால் மனுஷன் வேறு வழி பார்ப்பான். மேலிடத்துக்கு எழுதிப் போடுவான். அல்லது விதியை நொந்துகொண்டு வீடு போய்ச் சேருவான். நம்மை நடுங்கச் செய்யும் வார்த்தை வேறொன்று இருக்கிறது. அது பரம சாதுவான வார்த்தை. புன்சிரிப்புடனும் தலையசைப்புடனும் சொல்லப்படுவது. "குறித்துக்கொண்டோம்" என்பதே அந்த வார்த்தை.

சில மாதங்களுக்கு முன்பு நம் வார்டில் பகுதி சபை கூடிற்று. பள்ளிக்கூடத்து வகுப்பறையில், மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கென்று செய்த பெஞ்சுகளில், முழங்கால் மோவாயில் இடிக்க நாமெல்லாம் உட்கார்ந்திருந்தோம். எதிரே கவுன்சிலர் அம்மாள். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அவருடைய கணவர். எந்தக் கேள்விக்கும் முதலில் வாயைத் திறந்தவர் கணவர்தான் என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். ஓரத்தில் நகரசபைக் குமாஸ்தா ஒருவர், நீண்ட நோட்டுப் புத்தகத்துடன்.

நம் பின்வீதியில் வசிக்கும் பாட்டியம்மாள் ஒருவர் எழுந்தார். "ஏம்மா, எங்க தெருவுக்கு விடியக்காலம் நாலு மணிக்குத் தண்ணி விடறாங்க. நான் ஒண்டிக்கட்டை. அந்த இருட்டிலே குடத்தைத் தூக்க முடியலை. ஆறு மணிக்கு விடக் கூடாதா?" என்று கேட்டார்.

"குறித்துக்கொண்டோம், பாட்டி" என்றார் கவுன்சிலர் அம்மாள். குமாஸ்தாவும் உண்மையாகவே குறித்துக்கொண்டார். நாம் நம் கண்ணால் பார்த்தோம்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் கூட்டம். பாட்டியம்மாள் மறுபடியும் எழுந்தார், அதே கேள்வி. மறுபடியும், "குறித்துக்கொண்டோம்." அதற்கடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்து நாம் தெருவில் விசாரித்தோம். "உடம்புக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கேன். குடம் நிரம்பலை, சாமி. அவங்க நோட்டுதான் நிரம்புது. அதுக்கு நான் எதுக்கு வரணும்?" என்றார்.

இதோடு விஷயம் முடிந்திருந்தால் இதைப் பற்றி இங்கே எழுதியிருக்க மாட்டோம். பிற்பாடு ஒரு நாள், வால்வு திறக்கும் ஊழியரைத் தெருமுனையில் சந்தித்தோம். பாட்டியின் கேள்வியை அவரிடம் போட்டோம். அவர் அரை நிமிஷத்தில் பதில் சொல்லிவிட்டார். தொட்டியிலிருந்து ஒரே சமயத்தில் மூன்று தெருக்களுக்குத் தண்ணீர் விட்டால் மேட்டுப் பக்கம் ஏறாது. ஆகையால் நாலு மணிக்கு ஒரு தெரு, ஐந்து மணிக்கு ஒரு தெரு, ஆறு மணிக்கு ஒரு தெரு. பாட்டியின் தெருவுக்கு ஆறு மணி என்றால் இன்னொரு தெருவுக்கு நாலு மணி. "மாசத்துக்கு ஒரு தடவை முறை மாத்திக்கலாம் சார். ஆனா அதை என்கிட்டே யாரும் சொல்லலையே!" என்றார்.

பதில் இருந்தது. பரிகாரமும் இருந்தது. இரண்டுக்கும் காலணா செலவில்லை. மூன்று தெருக்காரர்களையும் கலந்து பேசச் செய்திருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் கேள்வி ஒரு நோட்டில் இருந்தது. பதில் ஒரு தெருமுனையில் நின்றது. இரண்டையும் சந்திக்க வைக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. நகரசபைக்கும் ஜனங்களுக்கும் இடையே உள்ள சங்கடமெல்லாம் இந்த ஒரு சமாசாரத்தில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

ஸ்தல ஸ்தாபனங்களின் சரித்திரத்தைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். சென்னை நகரசபை 1688-ம் வருஷத்திலேயே ஏற்பட்டது. 1882-ல் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டபோது, ஜனங்கள் அரசியல் பழகுவதற்கு இது ஒரு பள்ளிக்கூடமாக விளங்க வேண்டும் என்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. அந்தப் பள்ளிக்கூடத்தில் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவர்கள் சாமானியர்கள் அல்ல. ராஜாஜி 1917-ல் சேலம் நகரசபைத் தலைவரானார். ஜவாஹர்லால் நேரு 1923 முதல் அலகாபாத்திலும், வல்லபாய் படேல் 1924 முதல் ஆமதாபாத்திலும் நகரசபைத் தலைமை வகித்தார்கள். தேச விடுதலைக்குப் போராடியவர்கள் சாக்கடையையும் தெரு விளக்கையும் கேவலமாக எண்ணவில்லை.

சுதந்திரம் வந்து நெடுங்காலம் வரையில் இந்தப் பள்ளிக்கூடத்தை நாம் சரியாக நடத்தவில்லை. கடைசியில் 1992-ம் வருஷத்தில் அரசியல் சட்டம் 73-வது, 74-வது முறையாகத் திருத்தப்பட்டது. மறு வருஷம் அமலுக்கு வந்தது. கிராமத்துக்குக் கிராம சபை என்றும், 3 லட்சமோ அதற்கு மேலோ ஜனத்தொகையுள்ள நகரங்களுக்கு வார்டு குழு என்றும் சட்டத்திலேயே எழுதினார்கள். தமிழ்நாட்டு நகரங்களில் 2016-ம் வருஷ முடிவிலிருந்து ஐந்து வருஷத்துக்கு மேல் தேர்தலே இல்லாமல் தனி அதிகாரிகளைக் கொண்டு காரியம் நடந்து வந்தது. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. அந்த வருஷத்திலேயே வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தன. நவம்பர் 1-ந் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, பகுதி சபைகள் கூடின. சந்தோஷமான காரியந்தான். கூட்டம் போட இடம் கிடைத்துவிட்டது. கூட்டத்தில் என்ன செய்வது என்பதுதான் இன்னும் நமக்குப் பிடிபடவில்லை.

அதற்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும். கேரளத்தில் 1996 ஆகஸ்டு 17-ந் தேதி மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கினார்கள். ராஜ்யத்தின் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவிகிதம் வரையில் உள்ளாட்சிகளின் கையில் கொடுத்துவிட்டு, "இதை எப்படிச் செலவழிப்பது, சொல்லுங்கள்" என்று ஜனங்களைக் கேட்டார்கள். கிராம சபைகளை விடுமுறை நாட்களில் கூட்டினார்கள். சொற்பொழிவைச் சுருக்கிக்கொண்டு, வந்தவர்களை விவசாயம், குடிதண்ணீர், கல்வி, சுகாதாரம் என்று சிறு சிறு கூட்டங்களாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் பழக்கப்பட்ட ஒருவர் இருந்து பேச்சை நடத்தினார். ஐந்நூறு பேருக்கு முன்னால் எழுந்து நின்று பேசக் கூசும் ஒரு பெண்மணி, இருபது பேர் வட்டமாய் உட்கார்ந்தால் தாராளமாகப் பேசுவாள். இது பெரிய தத்துவம் அல்ல. நம் வீட்டுத் திண்ணை அறிந்த விஷயம். ஆனால் அதை ஒரு சர்க்கார் அறிந்துகொண்டது ஆச்சரியமல்லவா?

இன்னொரு ஊர் உண்மையாகவே தொலைவில் இருக்கிறது. பிரேஸில் தேசத்தின் தென்கோடியிலுள்ள போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-ம் வருஷம் முதல் நகரசபையின் புது வேலைகளுக்கான பணத்தை எதற்குச் செலவிடுவது என்று ஜனங்களையே கேட்கத் தொடங்கினார்கள். அங்கே நாம் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வருஷமும் முதல் சுற்றுக் கூட்டத்தில் புதிய கோரிக்கைகளுக்கு முன்னதாக, போன வருஷம் ஒப்புக்கொண்ட வேலைகள் என்னவாயின என்று நகரசபையார் கணக்குச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள்! அந்நகரில் தண்ணீர்க் குழாயும் சாக்கடை இணைப்பும் பெற்ற வீடுகள் 1988-ல் 75 சதவிகிதம். 1997-ல் 98 சதவிகிதம். எல்லாம் இந்தக் கூட்டங்களால்தான் என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் ஆட்சிகள் மாறி, பணமும் ஊக்கமும் குறைந்து, 2017-ல் அந்த ஏற்பாடே நிறுத்தி வைக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யார் நட்டாலும், தண்ணீர் விடாவிட்டால் செடி பட்டுப்போகும்.

கணக்குச் சொல்லும் வழக்கம் நமக்குப் புதிதா? உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரைப் போய்ப் பாருங்கள். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920-ஐ ஒட்டி வெட்டிய கல்வெட்டுகள் இரண்டு. குடவோலையைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். அந்தச் சபையில் எல்லா ஜனங்களுக்கும் இடமில்லை. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்குத்தான் இடம். அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே கல்வெட்டில் ஓர் அருமையான விதி இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக் கூடாது. குடவோலையை நாம் பாடப் புத்தகத்தில் வைத்துக்கொண்டோம். கணக்கைக் கல்லிலேயே விட்டுவிட்டோம்.

ஆகவே நகரசபையாருக்கு நாம் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. பகுதி சபை கூடியதும் முதல் அரைமணி நேரம் யாரும் புதிதாக எதுவும் கேட்க வேண்டாம். குமாஸ்தா எழுந்து போன கூட்டத்து நோட்டை வாசிக்கட்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே மூன்றில் ஒரு பதில் இருக்கட்டும்: "செய்தாகிவிட்டது", "இன்ன தேதிக்குள் செய்வோம்", "செய்ய இயலாது, காரணம் இது." மூன்றாவது பதிலைச் சொல்ல நகரசபையார் பயப்படுவதாகத் தெரிகிறது. பயமே வேண்டாம். காரணத்தோடு சொன்ன "இயலாது" என்பதை ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பாட்டியம்மாளுக்கு மூன்று தெருக் கணக்கு புரியாமற் போயிருக்குமா? ஆயுள் முழுவதும் ஒரு குடத்துத் தண்ணீரைக் கொண்டு குடும்பம் நடத்தியவருக்கு, பங்கீடு என்றால் என்னவென்று யார் கற்றுக்கொடுக்க வேண்டும்?

அந்தப் பதில்களை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கடை வாசலிலும் பள்ளிக்கூடத்துச் சுவரிலும் ஒட்டி வைக்கலாம். வார்டுக்கு இந்த வருஷம் எவ்வளவு பணம், எந்த வேலைக்கு என்பதையும் கூட்டத்துக்கு முன்பே அதே சுவரில் எழுதலாம். கையில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் "என்ன வேண்டும்?" என்று கேட்பது, சமையலறையைப் பூட்டிவிட்டு விருந்தாளியை விசாரிப்பது போன்றது. கூட்டம், வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமையில் நடக்கட்டும். நம் ராஜ்யத்து உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. ஆகையால் கணவன்மார்கள் தயவு செய்து பின்பெஞ்சுக்குப் போகட்டும்.

புகார் சொல்வதற்குச் செல்போனில் செயலி இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். எரியாத விளக்குக்கும் அள்ளாத குப்பைக்கும் அது சிலாக்கியமானது, நாமும் உபயோகிக்கிறோம். ஆனால் மூன்று தெருவுக்கு ஒரு குழாய் என்னும் வழக்கைச் செயலி தீர்க்காது. அதற்கு மூன்று தெருக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார வேண்டும்.

நகரசபையாரை இவ்வளவு சொன்ன பிறகு நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் முப்பது பேருக்கு மேலிராது. எழுந்து பேசியவர்களில் பெரும்பாலோர் தங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டிப் பேசவில்லை. தங்கள் காரியம் முடிந்ததும் எழுந்து போய்விட்டார்கள். பாட்டியம்மாள் மறுமுறை கேட்டபோது, "போன தடவையே கேட்டார்களே, என்ன ஆயிற்று?" என்று பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழும்பியிருந்தால் அவர் மூன்றாம் முறையும் வந்திருப்பார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் நாம்தான். வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

ஒருவர் கேட்பதை நிறுத்திவிட்டால் சபையில் ஒரு நாற்காலி காலியாகிறது. பலர் நிறுத்திவிட்டால், நாற்காலிகளும் நோட்டும் மட்டுமே மிஞ்சும். அதற்குச் சுயாட்சி என்று பெயரிட்டு என்ன பயன்?

அடுத்த கூட்டத்துக்குப் பாட்டியம்மாளை நாமே கையைப் பிடித்து அழைத்துப் போவதாக உத்தேசம். வால்வு ஊழியரும் வருவதாக வாக்களித்திருக்கிறார். பாட்டி இந்தத் தடவை கேள்வி எதுவும் கேட்கப் போவதில்லை. "குறிச்சுக்கிட்டீங்களே அம்மா, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் படிங்க" என்று மட்டும் சொல்லப் போகிறார்.

வாசகர்களும் தங்கள் தங்கள் வார்டில் அதையே சொல்லிப் பார்க்கலாம்.