நாற்றுக்கும் போர்வை வேண்டும்

மார்கழி விடியற்காலையில் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது, உறைந்து கிடக்கும். பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெயோ உறைவதில்லை. சில பயிர்கள் குளிருக்கு அஞ்சுவதும், சில அஞ்சாததும் ஏறக்குறைய இதே கதைதான்.

செடியின் ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்திருக்கிறது. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் காவல் காப்பது அதுவே. கோதுமைப் பயிர், குளிர் ஏற ஏற, இந்தச் சவ்வில் நல்லெண்ணெய் போன்ற இளக்கமான கொழுப்பைக் கூட்டிக் கொள்கிறது. வெப்பநாட்டு நெல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. சவ்வு விறைத்தால் உள்ளிருக்கும் உப்புகள் கசிந்துவிடும். இதற்கு நீர் உறைய வேண்டியதில்லை. 10, 12 டிகிரி செல்சியஸ் குளிரே இளநாற்றை வாட்டப் போதும். பச்சையம் குன்றி நாற்று மஞ்சளிக்கிறது. வளராமல் குட்டையாக நிற்கிறது. சில்லிட்ட வேர் நீரை உறிஞ்சத் தயங்குவதால், சேற்றில் நீர் இருந்தும் வெயில் ஏறியதும் இலை சுருள்கிறது.

வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் ‘போரோ’ நெல் பயிரிடுவோர் அறிந்த துயரம் இது. கார்த்திகை, மார்கழியில் விதைத்து, தையில் நட்டு, சித்திரை வாக்கில் அறுக்கும் பயிர் அது. நாற்று அழிந்தால் மறுபடி விதைக்க வேண்டும். நடவு பிந்தும்; தாழ்வான நிலங்களில் அறுவடைக்கு முன்பே வெள்ளம் புகுந்துவிடும். ஒரு வாரக் குளிர் ஓராண்டுச் சோற்றைப் பறித்துவிடலாம்.

பரிகாரம் பெருஞ்செலவு உடையதன்று. குழாய்க்கிணற்று நீர் அந்நாளில் காற்றைவிட வெதுவெதுப்பாயிருக்கும். இரவில் குளிர்ந்துபோன நீரைக் காலையில் வடித்துவிட்டு, அந்நீரைப் பாய்ச்சுகிறார்கள். கயிற்றை இழுத்து இலைமேலுள்ள பனித்துளியை உதிர்க்கிறார்கள். ஒளி புகும் பிளாஸ்டிக் தாளால் நாற்றங்காலை மூடுகிறார்கள். ஜப்பானின் நாகானோ மலைப்பகுதியில் 1940-களில் ஓர் உழவர் எண்ணெய்த் தாளால் மூடிப் பார்த்த முறை, பின்னர் அந்நாடெங்கும் பரவியது.

முற்றிய கதிர் சாய்ந்தால் ஊரே வந்து பார்க்கிறது. நாற்று வெளுத்தால் உழவர் வீட்டார் மட்டுமே பார்க்கிறார்கள். அந்த நிலை மாற வேண்டும். குளிர் வருமுன் எச்சரிக்கை உழவரை எட்ட வேண்டும். எச்சரிக்கையோடு, நாற்றை மூடத் தாளும் எட்ட வேண்டும்.